ஒரு டிபன் கடைக்கு எத்தனை கவுன்ட்டர், பாஸ்?

ஃபைனல் இயர் முடிச்ச நாலு பேர் சேர்ந்து, காலேஜ் பக்கத்துல ஒரு டிபன் கடை போடறாங்கன்னு வெச்சுக்குவோம். ஆளுக்குக் கொஞ்சம் பணம், ஒரு ஷட்டர் கடை, ரெண்டு அடுப்பு, ஒரு தோசைக்கல், நாலு டேபிள். கடைக்குப் பேர் வைக்கிறதுல வந்த சண்டை கூட முடிஞ்சாச்சு. 'ஓப்பனிங் எப்போ?'ன்னு கேட்டா மட்டும் பதில் வராது. யார்கிட்டப் போய் எதைக் கேட்கணும்னே அவங்களுக்குத் தெரியாது. அட்வான்ஸ் கொடுத்த நாள்லேர்ந்து வாடகை மட்டும் கரெக்டா ஓடிக்கிட்டிருக்கும்!

முதல்ல மாநகராட்சியிலோ நகராட்சியிலோ தொழில் உரிமம். இதையும் தொழில் வரியையும் நிறைய பேர் ஒண்ணுன்னு நினைச்சுக்கறாங்க. ரெண்டும் வேற. உரிமம்கிறது கடை நடத்த அனுமதி. தொழில் வரிங்கிறது வருமானத்தைப் பொறுத்து ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கட்டறது. ஒரு ஆள்கிட்ட வருஷத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல வாங்கக் கூடாதுன்னு அரசியல் சட்டத்தோட 276-வது பிரிவே சொல்லுது. வரி ரசீதைக் காட்டி 'அதான் கட்டிட்டேனே சார்'னா, உரிமம் கேட்கிறவர் ஒத்துக்க மாட்டார்.

அடுத்தது உணவுப் பாதுகாப்பு. 2006-ல் போட்ட சட்டம், 2011 ஆகஸ்ட்டில்தான் நடைமுறைக்கு வந்தது. அதுக்கு முன்னாடி ஓட்டல் சுத்தமா இருக்கான்னு பார்க்கிறது பெரும்பாலும் உள்ளாட்சி சுகாதாரப் பிரிவோட வேலை. இப்போ அதுக்குன்னு தனித்துறை இருக்கு. சரி, பழைய உரிமம் போயிடுச்சா? ம்ஹூம்... அதுவும் இருக்கு, இதுவும் இருக்கு. ஒரே சமையலறை, ரெண்டு கவுன்ட்டர்!

இது போக, கரன்ட்டுக்கு கமர்ஷியல் இணைப்பு. இனிப்பு, காரம்னு எடை போட்டு வித்தா தராசுக்கு முத்திரை. வருஷ விற்பனை 20 லட்சத்தைத் தாண்டினா ஜி.எஸ்.டி. ஆளுங்களை வேலைக்கு வெச்சா தொழிலாளர் துறை விதிகள். 2020 ஜூலையில் வந்த 'உத்யம்' பதிவு முழுக்க இலவசம். அதுக்கு யாராவது ஆயிரம் ரூபாய் கேட்டா நடையைக் கட்டுங்க. அது கடை நடத்த அனுமதியும் இல்லைங்கிறதையும் ஞாபகம் வெச்சுக்கங்க.

இதுல பெரிய ஆளுங்களுக்குக் கஷ்டமே இல்லை. அவங்ககிட்ட ஆடிட்டர் இருக்கார், அலைய ஆள் இருக்கு. நூறு கிளை வெச்சிருக்கிற ஓட்டலுக்கும் இட்லி சுட்டு விக்கிற அக்காவுக்கும் அப்ளிகேஷன் நிரப்பற நேரம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆனா அக்காவுக்கு ஒரு நாள் கடை அடைச்சா ஒரு நாள் சோறு போச்சு. அதனாலதான் புரோக்கருக்குக் கொடுத்துட்டு வேலையைப் பார்க்கறாங்க. இல்லைன்னா உரிமமே இல்லாம நடத்திட்டு, யாராவது பைக்கை நிறுத்தினாலே பயப்படறாங்க. லஞ்சம் பொறக்கிற இடம் அந்தப் பயம்தான்னு நான் நினைக்கிறேன்.

அப்போ எல்லா விதியையும் தூக்கிப் போட்டுடலாமா? அவசரப்படாதீங்க. 2017 டிசம்பர் 29, மும்பை கமலா மில்ஸ். மொட்டை மாடி உணவகத்துல ராத்திரி தீப்பிடிச்சு 14 பேர் செத்தாங்க. அதுக்கப்புறம்தான் மாநகராட்சி நகரம் முழுக்க ஓட்டல்களோட சட்டவிரோதக் கட்டுமானங்களை இடிக்கக் கிளம்பிச்சு. அங்கே விதி இல்லாமப் போகலை. பார்க்க வேண்டிய இடத்தை நேரத்துக்குப் பார்க்கலை, அவ்வளவுதான்.

பிரிட்டன்ல 2005-ல் பிலிப் ஹாம்ப்டன்னு ஒருத்தர் அரசாங்கத்துக்குக் கொடுத்த அறிக்கை இதைத்தான் பேசுது. எங்கே ஆபத்து அதிகமோ அங்கே அடிக்கடி சோதனை போ. காரணம் இல்லாம யார் கடைக்கும் போகாதே. ஒரு தடவை வாங்கின தகவலை மறுபடி கேட்காதே. 2009-லேர்ந்து அங்கே இன்னொரு ஏற்பாடும் இருக்கு. பல ஊர்ல கிளை வெச்சிருக்கிற கம்பெனி ஒரு கவுன்சிலோட கூட்டு வெச்சுக்கலாம். அந்த கவுன்சில் சொன்ன ஆலோசனையை மத்த ஊர் அதிகாரிகளும் மதிக்கணும். நம்ம பசங்க தாம்பரத்துல ஒண்ணு, ஆவடியில ஒண்ணுன்னு கடை போட்டா, ரெண்டும் தனித்தனி மாநகராட்சி. முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்!

வெளிநாட்டுக் கதை எதுக்குங்கறீங்களா? நம்ம ஊர்லயே சாம்பிள் இருக்கு. 2011 உணவு விதிகள்ல, வருஷத்துக்கு 12 லட்சத்துக்குள் விற்பனை உள்ள சின்ன ஆளுங்களுக்கு லைசென்ஸ் வேண்டாம், பதிவு போதும், கட்டணம் வருஷத்துக்கு 100 ரூபாய்னு வெச்சாங்க. அதை விட முக்கியம் இது: அப்ளிகேஷன் போட்ட ஏழு நாளுக்குள்ள பதிவு கொடுக்கணும், இல்லை காரணம் சொல்லி மறுக்கணும், இல்லை சோதனைக்கு வர்றோம்னு சொல்லணும். மூணும் நடக்கலையா... கடையைத் திறந்துக்கலாம். ஃபைல் தூங்கினா நஷ்டம் உங்களுக்கு இல்லை. சின்ன, ஆபத்து குறைஞ்ச கடைகளோட தொழில் உரிமத்துக்கும் இதையே வெச்சா என்ன? தீயணைப்பு விஷயத்துக்கு மட்டும் வேண்டாம். அங்கே ஆள் வந்து பார்த்தே ஆகணும்.

மத்தியப் பிரதேசம் 2010-ல் கொண்டு வந்த சேவை உறுதிச் சட்டம் இன்னும் ஒரு படி மேல. தாமதமானா அதிகாரிக்கு நாளைக்கு 250 ரூபாய் வீதம் 5,000 வரை அபராதம். கர்நாடகாவோட 'சகாலா'வுல தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் விண்ணப்பிச்சவருக்கு 20 ரூபாய். இருபது ரூபாய்ல என்ன வந்துடும்னு சிரிக்காதீங்க. அது அந்த அதிகாரியோட கணக்குல எழுதப்படற இருபது ரூபாய்!

தள்ளுவண்டி போடற ஐடியாவா? 2014 தெருவோர வியாபாரிகள் சட்டத்தைத் தெரிஞ்சுக்கங்க. கணக்கெடுப்பு முடிஞ்சு சான்றிதழ் கொடுக்கிற வரைக்கும், ஏற்கெனவே வியாபாரம் பண்றவங்களை அப்புறப்படுத்தக் கூடாதுங்குது அது. ஊர் விற்பனைக் குழுவுல குறைஞ்சது 40 சதவிகிதம் வியாபாரிகளே இருக்கணும்.

புராஜெக்ட்டுக்கு டாபிக் தேடற பிசினஸ் ஸ்டூடன்ட்ஸ் ஒரு வேலை பண்ணலாம். பத்து ரூபாய் கட்டி, தகவல் உரிமைச் சட்டத்துல உங்க ஊர் நகராட்சிக்கு ஒரு மனு போடுங்க. போன வருஷம் தொழில் உரிமத்துக்கு எத்தனை விண்ணப்பம் வந்தது, ஒவ்வொண்ணும் எத்தனை நாள்ல முடிஞ்சது, என்னென்ன பேப்பர் கேட்கறாங்க, அதை எந்த விதி கேட்கச் சொல்லுது? நாலே கேள்விதான். முப்பது நாள்ல பதில் வரணும். வரலைன்னா அதே ஆபீஸ்ல மேல்முறையீட்டு அலுவலர்னு ஒருத்தர் இருப்பார், அவருக்கு எழுதுங்க.