கோவளத்திடம் காரைக்கால் கற்க வேண்டியது

2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த ஆசிய அலைச்சறுக்குப் போட்டியில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். இப்போட்டியில் தனிநபர் பிரிவில் இந்தியர் ஒருவர் பதக்கம் பெற்றது அதுவே முதல்முறை. அதன்பின், ‘எங்கள் கடற்கரைக்கும் இவ்விளையாட்டு வராதா?’ என்று காரைக்கால் போன்ற ஊர்கள் கேட்பது இயல்பே. ஆனால், எதைக் கொண்டுவர விரும்புகிறோம் என்பதில் நமக்குத் தெளிவு வேண்டும்.

சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளத்தின் சிறப்பு அலையின் உயரம் அன்று. மென்மையாக நீண்டு உடையும் அலை அது. ஒன்பது அடி நீளப் பலகைக்கும் புதிதாகக் கற்போருக்கும் ஏற்றது. அந்த அலையைச் சுற்றி உருவான சமூகமே அதன் உண்மையான சிறப்பு. மூர்த்தி மேகவன் என்ற மீனவர் தம் ஊர்ச் சிறுவர்களுக்கு இதைக் கற்பித்தார். மதுவும் புகையும் கூடாது, படிப்பை விடக்கூடாது என்பன அவர் விதித்த நிபந்தனைகள். தொழிலதிபர் அருண் வாசுவின் துணையுடன் 2012-இல் பயிற்சிப் பள்ளி எழுந்தது. இன்று மென்பொருள் ஊழியருக்கும் வெளிநாட்டுப் பயணிக்கும் கடலில் ஆசான் மீனவர் வீட்டு இளைஞரே. உடையும் முனைக்கு அருகில் இருப்பவருக்கே அலை என்பது உலகெங்கும் உள்ள அலைச்சறுக்கு மரபு. அங்கே பணமோ பதவியோ முன்னுரிமை தருவதில்லை. கரையில் நிலவும் படிநிலை நீரில் சற்றே தலைகீழாவதை நான் முக்கியமான சமூக மாற்றமாகவே கருதுகிறேன்.

காரைக்காலின் நிலை வேறு. தெற்கிலிருந்து வரும் பேரலைகளை இலங்கை பெருமளவு மறித்துவிடுகிறது. வடகிழக்குப் பருவத்தில் கடல் எழும். ஆனால், அது கொந்தளிப்பும் ஆபத்தும் கலந்த கடல். ஆகவே, கோவளத்தை அப்படியே நகலெடுக்க முடியாது.

புதுச்சேரி தரும் பாடம் இன்னொன்று. 1980-களின் இறுதியில் அங்கே கட்டப்பட்ட துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள், வடக்கு நோக்கிய மணல் ஓட்டத்தை மறித்தன. கடற்கரை அரிக்கப்பட்டது, அரிப்பு வடக்கே தமிழக மீனவக் குப்பங்கள் வரை நீண்டது. அரிப்பைத் தடுக்கக் கற்கள் கொட்டப்பட்ட இடங்களில் வலை இழுக்கவும் படகை ஏற்றவும் மணல் இல்லை. மணல் போனால் அலை உடையும் விதமும் மாறும். மீனவரும் சறுக்குபவரும் இழப்பது ஒரே கரையைத்தான்.

வாஞ்சூரில் துறைமுகமும் அரசலாற்று முகத்துவாரத்தில் மீன்பிடித் துறைமுகமும் கொண்ட காரைக்கால் இதை மறக்கலாகாது. கடற்கரைத் திட்டம் எதுவாயினும் மூன்று நிபந்தனைகள் வேண்டும் என்பது என் கருத்து: மீனவ ஊர்ப் பஞ்சாயத்தாரின் ஒப்புதல், படகு நிறுத்தவும் வலை உலர்த்தவும் உரிய இடத்துக்கு எழுத்துபூர்வமான உறுதி, எந்தக் கட்டுமானத்துக்கும் முன்னர் மணல் ஓட்டம் குறித்த ஆய்வு.

2004 சுனாமியில் பேரிழப்பைக் கண்ட கரை இது. கடலை அறிந்த மீனவ இளைஞர்களை உயிர்காப்பாளர்களாகவும் நீச்சல் பயிற்றுநர்களாகவும் ஆக்குவதே முதல் படியாக இருக்கட்டும். பலகைகள் பிறகு வரலாம்.