பாலிதீன் உறைக்குள் பேய்

“தொடாதீர்கள்” என்றார்.

அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு மாடிப் போர்ஷன். கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியில் நூற்றைம்பது புத்தகங்களுக்கு மேல் நிற்கின்றன. அத்தனையும் ஆங்கிலத் திகில் கதைகள்; லண்டனிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் தபாலில் வந்தவை. ஒவ்வொன்றுக்கும் பாலிதீன் உறை, உள்ளே ஈரம் இழுக்க ஒரு சிறு பொட்டலம். ஒன்றைச் சுட்டி, கதை எப்படி என்று கேட்டேன். பிரித்தால் முதுகு மடிந்துவிடும், மதிப்புப் போய்விடும், படிப்பதற்கென்று மலிவுப் பிரதி ஒன்று தனியாக இருக்கிறது என்றார். அந்த மலிவுப் பிரதியையாவது படித்தாரா என்று நான் கேட்கவில்லை. நாகரிகம் தடுத்தது. இந்தக் கட்டுரைக்கு அந்த நாகரிகம் தேவையில்லை.

இவர் ஒருவர்தான் என்றால் எழுதியிருக்க மாட்டேன். ஆவடியில் ஒருவர், பூந்தமல்லியில் ஒருவர் என்று இந்த இனம் பெருகிக்கொண்டிருக்கிறது. எல்லோரும் நம்மிடையே நடமாடுகிறவர்கள். நம் கூட்டங்களுக்கு வருகிறவர்கள். ‘அபூர்வப் பதிப்பு’ என்ற சொல்லை இவர்கள் உச்சரிக்கும் தோரணையைப் பார்த்தால், இலக்கியத்தில் ஏதோ காரியம் நடந்துவிட்டதாகவே தோன்றும்.

அபூர்வம் என்பது என்ன? லவ்கிராஃப்ட் 1937-ல் இறந்தபோது அவருடைய கதைகள் ‘வியர்ட் டேல்ஸ்’ போன்ற மட்டக் காகிதப் பத்திரிகைகளில் சிதறிக் கிடந்தன. ஆகஸ்ட் டெர்லத், டொனால்ட் வான்ட்ரே என்ற இரண்டு நண்பர்கள் 1939-ல் அர்க்காம் ஹவுஸ் என்ற பதிப்பகத்தை அதற்காகவே தொடங்கி, ‘தி அவுட்சைடர் அண்ட் அதர்ஸ்’ என்ற தொகுப்பை 1,268 பிரதிகள் அச்சிட்டார்கள். விலை ஐந்து டாலர். விற்றுத் தீர ஏறக்குறைய நான்கு வருஷம் ஆயிற்று. கட்டிலுக்கடியில் பத்திரிகைக் கட்டுகளை வைத்துக்கொண்டு தூங்கியவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும். அந்தப் புத்தகத்தின் அபூர்வத்துக்குப் பின்னால் ஒரு நம்பிக்கையும், வாங்க ஆளில்லாத நான்கு வருஷங்களும் இருக்கின்றன. இன்று ‘நூறு பிரதிகள் மட்டும், எண்ணிட்டது, கையொப்பமிட்டது’ என்று விற்கிறார்களே, அங்கே அபூர்வம் அச்சுக்குப் போவதற்கு முன்பே தயாராகிவிடுகிறது. முன்னது சரித்திரம், பின்னது வியாபாரியின் சாமர்த்தியம். இரண்டையும் ஒரே தட்டில் ஒரே உறையில் நிறுத்திவைக்கிறவனுக்குக் கண் விலையில் இருக்கிறது.

அயல்நாட்டுப் பதிப்பு வாங்குவதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. ஓநாய் மனிதனைப் பற்றிக்கூட நாவல் எழுதிய ரெயினால்ட்ஸ் என்ற ஆங்கிலேயரின் புத்தகங்கள் இங்கே ஒரு தலைமுறையையே ஆட்டிவைத்தன. தனித்தமிழுக்கு வாதாடிய மறைமலையடிகள் அந்த ரெயினால்ட்ஸின் ‘லெய்லா’ நாவலைத் தழுவித்தான் 1911-ல் ‘குமுதவல்லி’யை எழுதினார். பல்லவரத்தில் அவர் சேர்த்த புத்தகங்கள் 1958-ல் அவர் பெயரிலேயே நூல்நிலையமாயின. புதுமைப்பித்தன் மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைனை’ ‘பிரேத மனிதன்’ என்று தமிழில் சுருக்கித் தந்தார். இவர்கள் கையில் அயல் புத்தகம் இன்னொரு புத்தகமாயிற்று. நம் நண்பர் கையில் அது அலமாரியாயிற்று.

ஆவடியிலிருந்தும் அம்பத்தூரிலிருந்தும் மின்சார ரயிலில் வருகிறவர்கள் சென்ட்ரலில் இறங்கும் இடத்துக்கு மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் என்று பெயர். 1985-ல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டின் நினைவாக அந்தப் பெயர் ஒன்றுதான் மிச்சம். என் தலைமுறை எட்கர் ஆலன் போவைக் கண்டுபிடித்தது அங்கேயிருந்த பழைய புத்தகக் கடைகளில். அட்டை இருக்காது, முன்பு வைத்திருந்தவரின் பெயரும், சில சமயம் அவர் போட்ட அடிக்கோடுகளும் இருக்கும். ராத்திரி படித்துப் பயந்தோம். அந்தப் பயத்துக்குப் பதிப்பு எண் கிடையாது.

இனி நம்முடைய அபூர்வங்களுக்கு வருவோம். பேய்க் கதை என்றால் பி.டி. சாமி என்று ஒரு காலம் இருந்தது. பஸ் ஸ்டாண்டுப் பெட்டிக்கடையில் கயிற்றில் தொங்கிய மாத நாவல்கள் அவை. இன்று பழைய பேப்பர் கடையில் தேடினாலும் கிடைப்பது துர்லபம். சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ 1981-ல் குமுதத்தில் தொடராக வந்தபோது, பேயா விஞ்ஞானமா என்று வாராவாரம் வீடுகளில் சண்டை நடந்தது. இப்படிப்பட்ட தொடர்களைக் கிழித்துச் சேர்த்து, படங்களோடும் பின்பக்கத்துத் தைல விளம்பரத்தோடும் பைண்டு செய்து வைத்துக்கொண்ட குடும்பங்கள் உண்டு. அப்படிப்பட்ட ஒவ்வொரு பைண்டும் உலகத்தில் ஒரே ஒரு பிரதி. எந்த லண்டன் வியாபாரியிடமும் அது இல்லை. சிவகாசியிலிருந்து 1986-ல் ‘திகில்’ என்ற பெயரிலேயே ஒரு காமிக்ஸ் பத்திரிகை வந்தது. பிரிட்டிஷ் சித்திரக் கதைகள் மட்டக் காகிதத்தில் தமிழ் பேசின. லண்டன்காரனுக்கு அதுவல்லவா அயல்நாட்டுப் பதிப்பு! நம் நண்பரோ லண்டனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அங்கே குறைவாக அச்சிட்டதால் அபூர்வமாயின. இங்கே ஆயிரக்கணக்கில் அச்சிட்டு, படித்து, எடைக்குப் போட்டதால் அபூர்வமாயின. இந்த இரண்டாவது அபூர்வத்தைக் காணக் கண் வேண்டும். அந்தக் கண்ணைக் கெடுத்தவர்கள் யார்?

நாம்தான். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். ‘காஞ்சனை’யை நாம் ஏற்றுக்கொண்டோம், அதுவும் அந்தப் பேயை மனப் பிரமை என்றும், குறியீடு என்றும் வியாக்கியானம் செய்து, அதன் நாற்றத்தைக் கழுவிய பிறகு. புதுமைப்பித்தன் கதைகளுக்கு 2000-ல் செம்பதிப்பு வந்தது, நல்ல காரியம். சாமியின் நாவல்களுக்கு ஒரு தலைப்புப் பட்டியல்கூட என் கண்ணில் பட்டதில்லை. ‘வியாபார எழுத்து’ என்று ஒதுக்கினோம். விமர்சனத்துக்கு அந்தக் கோடு அவசியம். இன்றும் அதை அழிக்க மாட்டேன். சாமி இலக்கியகர்த்தா என்று யாராவது சொன்னால் முதலில் சண்டைக்கு வருகிறவன் நானே. ஆனால் விமர்சகன் போட்ட கோட்டைச் சேகரிக்கிறவனும் தாண்டக் கூடாதென்றால், பேய்க்கும் பயத்துக்கும் இந்த மொழியில் சரித்திரமே மிஞ்சாது. ‘காஞ்சனை’ எவற்றிலிருந்து விலகி உயர்ந்தது என்று காட்டக்கூட நம்மிடம் சாட்சி இருக்காது.

கோட்டையூர் ரோஜா முத்தையா 1992-ல் மறைந்தார். விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர். புத்தகம் மட்டுமின்றி நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை வரை சேர்த்துவைத்தார். 1994-ல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கியது, ஆனால் கப்பலேற்றவில்லை. நம் முகப்பேரில்தான் அது நூலகமாக முதலில் இயங்கியது. பிறகு தரமணிக்குப் போயிற்று. அம்பத்தூருக்கும் முகப்பேருக்கும் எத்தனை தூரம்? டவுன் பஸ்ஸில் போய்விடலாம். எது உயர்ந்தது, எது மட்டம் என்று பார்க்காமல் சேர்த்த ஒரு மனிதர் இருந்ததால், பிறகு வந்தவர்கள் உட்கார்ந்து தரம் பிரிக்க முடிந்தது.

‘என் காசு, என் அலமாரி’ என்று நண்பர் சொல்லலாம். சரி. அந்த அலமாரியில் ஒரே ஒரு தட்டைக் காலி செய்யுங்கள். கிடைக்கிற தமிழ்ப் பேய்க் கதைகளை அங்கே வையுங்கள். தலைப்பு, வருஷம், அச்சகம், விலை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். கேட்டு வருகிறவனைத் தொட விடுங்கள். பட்டியல் இல்லாத சேகரம் வெறும் பூட்டு.

இவ்வளவு பேசுகிற நான் யோக்கியனா? 1990-களில் வீடு மாறினோம். அம்மா சேர்த்துவைத்திருந்த மாத நாவல்கள் மூன்று கோணிப்பை இருந்தன. பாதிக்கு மேல் பேய்க் கதைகள். புதுமைப்பித்தனைப் பெட்டியில் வைத்துக்கொண்டு அவற்றை எடைக்குப் போட்டேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவற்றில் ஒன்றின் தலைப்பைக்கூட இன்று என்னால் சொல்ல முடியாது.