புதைத்ததைத் தோண்டி எடு!



போபாலில் யூனியன் கார்பைடு ஆலையின் மதிலை ஒட்டி வாழும் தாய்மாரின் பாலில் பாதரசமும் ஈயமும் குளோரோஃபார்மும் இருப்பதை 2002-லேயே உண்மையறியும் குழு ஒன்று சோதித்துச் சொல்லிவிட்டது. 1984 டிசம்பர் நள்ளிரவில் ஊரைக் கொன்ற வாயு வேறு, இது வேறு. ஆலை ஓடிய காலத்திலேயே வளாகத்திலும் கழிவுக் குட்டைகளிலும் கொட்டிய நஞ்சு இது. மண்ணில் இறங்கி, நிலத்தடி நீரில் கலந்து, அடிபம்பு வழியாகக் குடத்துக்கு வந்தது. அதிகாரிகள் பம்புக்குச் சிவப்புப் பெயின்ட் பூசி, குடிக்க உதவாது என்று எழுதிவிட்டுப் போனார்கள். வேறு தண்ணீர் இல்லாத தெருவில் பெண்கள் அந்தச் சிவப்புப் பம்பையே அடித்தார்கள். நல்ல தண்ணீர் கொடு என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட 2004 ஆயிற்று!

ஈயம் எலும்பில் போய் உட்காரும். பால் சுரக்கும் மாதங்களில் தாயின் எலும்பும் ஓரளவு கரைந்து பிள்ளைக்குச் சுண்ணாம்புச் சத்து போகிறது. ஈயமும் கூடவே போகிறது. பெற்றவளின் எலும்பையே நஞ்சுக் கிடங்காக்கிய கொடுமையை எந்தக் கணக்கில் எழுதுவது?

அப்படியானால் தாய்ப்பாலை நிறுத்து என்று எவராவது சொன்னால் அங்கேயே மறித்துக் கேளுங்கள்: பால்பவுடரை எந்தத் தண்ணீரில் கரைப்பாள்? நோயிலிருந்து காக்கும் தாய்ப்பாலுக்கு ஈடு எதுவும் இல்லை. நம் மேடையிலும் பாலூட்டும் தாயைப் பயமுறுத்தும் பேச்சு ஒரு வார்த்தைகூட வரக்கூடாது.

2025 ஜனவரியில் ஆலையிலிருந்து 337 டன் கழிவை லாரிகளில் பீதம்பூருக்குக் கொண்டுபோனார்கள். அந்த ஊர் மக்கள் எதிர்த்தும் எரித்தார்கள். அது கிடங்கில் கட்டிவைத்திருந்த மூட்டை மட்டும். புதைத்தது புதைத்தபடியே கிடக்கிறது. 2001-ல் கார்பைடை வாங்கிய டவ் நிறுவனம், சுத்தம் செய்வது தன் பொறுப்பல்ல என்கிறது.

2002-ல் ரஷீதா பீ, சம்பா தேவி சுக்லா தலைமையில் போபால் பெண்கள் டவ்வுக்கு எதிராகத் துடைப்பத்தைத் தூக்கினார்கள். ஆண்டுதோறும் டிசம்பர் 2 மாலை தீப்பந்தம் ஏந்தி நடக்கிறார்கள். அந்த மாலை நாமும் ஊர்தோறும் தெருவில் இறங்குவோம். புதைத்த கழிவு முழுவதையும் தோண்டி எடு! செலவை டவ்விடம் வசூலி! வீடுதோறும் குழாயில் நல்ல தண்ணீர் விடு! தாய்ப்பாலை அரசுச் செலவில் சோதித்து, முடிவை அந்தத் தாயிடமே சொல்!

துண்டறிக்கை அடிக்கும் வேலையை இன்றே தொடங்குங்கள். துடைப்பத்தோடு வாருங்கள். கைக்குழந்தையோடு வரும் தோழியருக்கு மேடைக்கு அருகிலேயே இடம் ஒதுக்குங்கள். முதலில் பேசப்போவது அவர்கள்தான்.