"என்ஜினை இறக்கணும் சார்!"

புகை தள்ளும் பழைய காரை ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப் போனால், பானட்டைத் திறப்பதற்கு முன்பே இந்த வாக்கியம் வந்து விழும். கூடவே ஒரு தொகையும் சொல்வார்கள். பென்ஷன்காரர்கள் நாம் என்ன செய்கிறோம்? கேட்டதைக் கொடுக்கிறோம், இல்லாவிட்டால் காயலான் கடைக்காரரைக் கூப்பிடுகிறோம். வீட்டு ஷெட்டிலேயே நாமே பிரித்துப் பார்க்கலாம் என்பது என் கட்சி.

சிரிக்க வேண்டாம். இன்றைய கார்களைச் சொல்லவில்லை. அவற்றின் பானட்டைத் திறந்தால் பிளாஸ்டிக் மூடிதான் தெரிகிறது. நான் சொல்வது நம் ஃபியட்டை. ஆர்.சி. புத்தகத்தில் பிரிமியர் பத்மினி என்று இருந்தாலும் நம் வாயில் கடைசி வரை அது ஃபியட்தானே! 1089 சிசி, நான்கு சிலிண்டர், ஒரு கார்புரேட்டர். கம்ப்யூட்டர் என்ற பேச்சே கிடையாது. மும்பையில் 2023 அக்டோபரோடு பத்மினி டாக்ஸிகளின் காலம் முடிந்துவிட்டது. கோவைப் பக்கம் ஷெட்டுக்குள் உறை போட்டுத் தூங்கும் ஃபியட்டுகள் இன்னும் இருக்கின்றன.

ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன், இறக்கத்தான் வேண்டுமா என்று பாருங்கள். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் கொஞ்சம் நீலப் புகை வந்து நின்றுவிட்டால், பெரும்பாலும் வால்வு கைடில்தான் கோளாறு. மேட்டில் ஏறும்போது விடாமல் நீலமாக வந்தால் ரிங் தேய்ந்திருக்கலாம். வெள்ளையாக வந்து ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகியுங்கள். பிளக்கைக் கழற்றி, கம்ப்ரஷன் கேஜை வைத்து ஒவ்வொரு சிலிண்டராகப் பாருங்கள். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். முள் ஏறினால் ரிங்கும் போரும் தேய்ந்திருக்கின்றன. ஏறாவிட்டால் வால்வில் கசிவு. வால்வு வேலைக்கு ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும், என்ஜின் இருந்த இடத்திலேயே இருக்கலாம். அரை மணி நேரத்தில் தெரிந்துகொள்ளக் கூடிய இந்த விஷயத்துக்காக எத்தனை பேர் முழு என்ஜின் வேலைக்குப் பணம் கட்டியிருக்கிறார்கள்!

நண்பர் ஒருவர் சென்ற வருடம் ஒரு பில்லைக் காட்டினார். போரிங், கிராங்க் கிரைண்டிங், பிஸ்டன் செட் என்று வரிசையாக இருந்தது. எவ்வளவு தேய்ந்திருந்தது என்று ஒரு வரி இல்லை. நம்பர் சொல்லாமல் சர்க்கரைக்கு மாத்திரை எழுதினால் டாக்டரைச் சும்மா விடுவோமா? என்ஜினுக்கு மட்டும் ஏன் கேட்பதில்லை? சிலிண்டர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. ரிங் திரும்பும் மேல்பகுதியில் அதிகம் தேயும், வட்டமும் கொஞ்சம் முட்டை வடிவத்துக்குப் போயிருக்கும். அதனால் மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக, போர் கேஜ் வைத்து அளக்க வேண்டும். விரலை விட்டுத் தடவிப் பார்த்து "போயிடுச்சு சார்" என்பது அளவு ஆகாது.

வீட்டில் பிரித்தால் இந்த அளவெல்லாம் நம் நோட்டில் ஏறும். எனக்கு அதுதான் முக்கியம். பணம் மிச்சமாகும் என்று சொல்ல மாட்டேன், செலவழிக்கும் தொகைக்கு அந்தக் கார் விலை போகாது.

கனெக்டிங் ராடின் மூடிகளை ஒன்றுக்கொன்று மாற்றிவிடக் கூடாது. எந்த சிலிண்டருடையது, எந்தப் பக்கம் முன்னால் என்று குறித்துக்கொண்டு, கொலு பொம்மைகளை எடுத்து வைப்பது போல் தனித்தனியாகச் சுற்றிப் பெயர் எழுதி வையுங்கள். (கழுவுவதற்கு மண்ணெண்ணெய் எங்கே கிடைக்கிறது இப்போது? டீசல்தான். சமையலறைப் பக்கம் நாற்றம் போகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் சாமர்த்தியம்.) என்ஜினைத் தூக்க செயின் பிளாக்கும் தெம்பான ஒரு பையனும் வேண்டும். அறுபதைத் தாண்டியவர்கள் அதில் வீரம் காட்ட வேண்டாம். வெறும் ஜாக்கியை நம்பிக் காருக்கு அடியில் நுழையவும் வேண்டாம்.

போரிங்கும் கிராங்க் கிரைண்டிங்கும் வீட்டில் ஆகாத காரியம். அதற்கு நல்ல லேத் பட்டறை வேண்டும். ஓவர்சைஸ் பிஸ்டனை முதலில் வாங்கி, பிளாக்கோடு கொண்டுபோய்க் கொடுங்கள். பிஸ்டனை அளந்து, அதற்குத் தக்கபடிதான் போர் செய்ய வேண்டும். "போர் பண்ணி வைக்கிறேன், பிஸ்டன் அப்புறம் வாங்கிக்கலாம்" என்று ஒருவர் சொன்னால், வணக்கம் சொல்லிவிட்டு அடுத்த பட்டறைக்கு நடையைக் கட்டுங்கள். ஹெட் அலுமினியம், பிளாக் இரும்பு. ஒரு தடவை நன்றாகச் சூடேறியிருந்தால் ஹெட் வளைந்திருக்கும். அதையும் அங்கேயே பார்த்துவிடச் சொல்லுங்கள்.

திரும்பப் பூட்டும்போது ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றில், டார்க் ரெஞ்ச் வைத்தே முறுக்குங்கள். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பிளக்குகள் இல்லாமல் சுற்றவிட்டு, ஆயில் விளக்கு அணைந்த பிறகு பிளக் போடுங்கள். ஷெட் கதவு திறந்தே இருக்கட்டும்.

முதல் ஐந்நூறு கிலோமீட்டர் விரட்டாமல் ஓட்டி, ஆயிலை மாற்றிவிடுங்கள். ஊட்டி மலை ஏறும் ஆசையை அதுவரை ஒத்திப்போட்டு, மேட்டுப்பாளையம் வரை போய்த் திரும்பினால் போதும்.