படையெடுப்பு எது? திக்விஜயம் எது?

"படையெடுப்பு" என்ற சொல்லுக்குப் பொருள் மிகவும் சாதாரணமானது. படையை எடுத்துக்கொண்டு பிறர் நாட்டிற்குள் போவதுதான் படையெடுப்பு. இதில் நம்மவன், அந்நியன் என்கின்ற பேதம் எதுவும் கிடையாது. ஆனால் நமது மேடைகளிலும் பள்ளிக்கூடங்களிலும் இச்சொல் பெரும்பாலும் படுகின்ற பாட்டைச் சற்று கவனியுங்கள்.

1025-ம் வருஷத்தில் கஜினி முகமது சோமநாதபுரத்தின் மீது கிளம்பினான். அடுத்த வருஷம் கோயிலை உடைத்துக் கொள்ளையடித்தான். இது படையெடுப்பு. அதே 1025-ல் ராஜேந்திர சோழனுடைய கப்பற்படை கடல் கடந்து கடாரத்தைத் தாக்கியது. அந்நாட்டரசனைப் பிடித்ததையும், பொக்கிஷத்தை அள்ளியதையும் எதிரிகள் சொல்லவில்லை. சோழனுடைய மெய்க்கீர்த்தியே பெருமையாய்ச் சொல்லிக்கொள்ளுகிறது. ஆனால் இது மாத்திரம் "திக்விஜயம்"! இலங்கையின் புத்த விகாரைகளைச் சோழர் படை சூறையாடியதாகச் சூளவம்சம் சொல்லுகிறது. அதை நம் பிள்ளைகளுக்கு எத்தனை பேர் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்?

கஜினி செய்தது நியாயம் என்று நாம் சொல்ல வரவில்லை. அது கொள்ளைதான். படையெடுத்தவனுடைய மதமும் பாஷையும் மாறினால் கொள்ளையின் பேரும் மாறுவானேன் என்பதே நமது கேள்வி. வீடு வெந்தவனுக்கு, நெருப்பு வைத்தவன் சிவபக்தனா, துருக்கனா என்பதில் என்ன ஆறுதல் இருக்க முடியும்?

இது பழங்கதை என்று தள்ளிவிடவும் முடியாது. 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் ஹைதராபாத் சமஸ்தானத்திற்குள் போயிற்று. அதற்கு வைத்த பேர் "போலீஸ் நடவடிக்கை". 2022 பிப்ரவரி 24-ந் தேதி ருஷியா பெரும்படையுடன் உக்ரேனுக்குள் நுழைந்தது; அதற்கு வைத்த பேர் "விசேஷ ராணுவ நடவடிக்கை". "யுத்தம்", "படையெடுப்பு" என்ற சொற்களை எழுதக்கூடாதென்று ருஷியப் பத்திரிகைகளுக்கு உத்தரவு பிறந்தது. அடுத்த மாதமே, ராணுவத்தைப் பற்றிப் "பொய்" பரப்பினால் 15 வருஷம் வரையில் சிறை என்று சட்டமும் வந்துவிட்டது. செய்வது யோக்கியமான காரியமானால் அதன் பேரைக் கண்டு இவ்வளவு நடுக்கம் எதற்கு?

ஆகவே தோழர்களே! இனி எந்தச் சரித்திரத்தைப் படித்தாலும், எந்தச் சமாசாரத்தைக் கேட்டாலும், படை யாருடையது என்று பார்ப்பதற்கு முன், அது யாருடைய வாசலில் போய் நின்றது என்று பாருங்கள். நுழைந்தவன் வைக்கும் பேரை நம்பாதீர்கள், அடிபட்டவனைக் கேளுங்கள். கொள்ளையில் நம்முடைய கொள்ளை, நல்ல கொள்ளை என்று ஒன்று கிடையவே கிடையாது.