கழற்றப்படும் தெர்மோஸ்டாட்

காரின் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறினால், பட்டறைகள் பலவற்றில் முதலில் கைவைக்கப்படுவது தெர்மோஸ்டாட்டில்தான். அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, இனிமேல் சூடேறாது என்று வண்டியை அனுப்பிவிடும் வழக்கம் தமிழ்நாட்டில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. காரணத்தைக் கண்டறியாமல் செய்யப்படும் இந்த வேலை அடியோடு கைவிடப்பட வேண்டியது.

தெர்மோஸ்டாட் என்பது எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையிலுள்ள வால்வு. அதனுள் அடைக்கப்பட்ட மெழுகு, வண்டிக்கேற்ப 82 முதல் 90 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகி விரிந்து வால்வைத் திறக்க, அதுவரை எஞ்சினுக்குள்ளேயே சுற்றிய கூலன்ட் ரேடியேட்டருக்குச் சென்று ஆறித் திரும்புகிறது. மூடியபடியே அது சிக்கிக்கொண்டால் எஞ்சின் கொதிக்கும் என்பது உண்மையே. ஆனால் அதைச் சோதிக்க ஒரு பாத்திரமும் அடுப்பும் போதும்: நூலில் கட்டி, அடியில் படாமல் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்கினால், அதன் மேல் பொறித்துள்ள வெப்பநிலையை ஒட்டி வால்வு மெல்ல விலகுவதைக் கண்ணாலேயே காணலாம். விலகாவிட்டால் புதியதைப் பொருத்த வேண்டுமே தவிர, இடத்தைக் காலியாக விடலாகாது. விட்டால் எஞ்சின் உரிய சூட்டை எட்ட நெடுநேரமாகி, எரிபொருள் கூடுதலாகச் செலவாவதோடு உட்பாகங்களின் தேய்மானமும் மிகும்.

எப்போது சூடேறுகிறது என்பதே சரியான முதல் கேள்வி. நெரிசலில் ஊரும்போது ஏறும் வெப்பநிலை முள் வேகமெடுத்ததும் இறங்கினால், ரேடியேட்டர் விசிறியையும் அதன் ஃபியூஸ், ரிலே ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். நெடுஞ்சாலையிலும் மலையேற்றத்திலும் ஏறினால், அடைபட்ட ரேடியேட்டர், தேய்ந்த வாட்டர் பம்ப் ஆகியவற்றின் மீதே ஐயம் செல்ல வேண்டும். கூலன்டுக்குப் பதிலாகப் போர்வெல் தண்ணீரையே ஊற்றிவந்த வண்டிகளில், அதன் உப்புகள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து வழியை அடைத்துவிடுகின்றன.

ரேடியேட்டர் மூடியும் ஒரு கருவிதான் என்பது பலருக்குத் தெரிவதில்லை. உள்ளே அழுத்தத்தைத் தக்கவைத்துக் கொதிநிலையை அது உயர்த்துகிறது. வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் ஒரு பார் கூடினால் வெறும் தண்ணீர்கூட ஏறத்தாழ 120 டிகிரியில்தான் கொதிக்கும். ஆகவே மூடியின் ரப்பர் தளர்ந்தாலே கூலன்ட் முன்னதாகக் கொதிக்கும். சூடாக இருக்கையில் மூடியைத் திறந்தால் கூலன்ட் பீறிட்டு முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும் என்பதால், எஞ்சின் முழுவதும் ஆறும்வரை காத்திருப்பது கட்டாயம்.

இவை அனைத்தும் சரியாக இருந்தும் கூலன்ட் குறைந்துகொண்டே வந்து, ரிசர்வ் டப்பாவில் குமிழிகள் விடாமல் எழுமானால், சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள ஹெட் கேஸ்கட் பழுதாகியிருக்கக்கூடும். அப்போது ஹெட்டைக் கழற்றி, அதன் தளம் வளைந்திருக்கிறதா என்று நேர்கோல் வைத்துப் பார்த்து, வளைந்திருந்தால் சீர்செய்த பின்னரே புதிய கேஸ்கட் போட வேண்டும்.