பந்தைத் தொட்டவர்கள் கையைத் தொடவில்லை

ஆம்பூர் தோல் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஓர் அறிவுரை ஓயாமல் கிடைக்கும்: "திறமையைக் காட்டு, சாதி தானாகப் போய்விடும்." நானும் கேட்டு வளர்ந்தவன்தான். அப்படிச் சொல்பவர்களிடம் இப்போது பல்வங்கர் பாலுவைப் பற்றிக் கேட்கிறேன்.

தோல் தொழிலைச் சொல்லித் தீண்டத்தகாதவர்களாக்கப்பட்ட சமார் சாதியில் 1876இல் பிறந்தவர் பாலு. புனேயில் வெள்ளையர் கிளப்பின் ஆடுகளப் பணியாளர். அங்கே அவர்களுக்குப் பந்து வீசி வீசியே இடதுகைச் சுழலில் தேர்ந்தார். ஐரோப்பியரை வெல்ல வேண்டும் என்பதால் புனே இந்துக்கள் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் தேநீர் மட்டும் வெளியே, தூக்கியெறியும் மண்குவளையில்!

பந்தும் தோல்தானே? அதை எல்லோரும் தொட்டார்கள். தீட்டு தோலில் இல்லை, யாரை எங்கே நிறுத்துவது என்ற கணக்கில் இருக்கிறது.

1911 இங்கிலாந்துப் பயணத்தில் பாலு எடுத்தது 114 விக்கெட். அதுவும் தலைமையைத் தரவில்லை. 1920இல் தம்பிகள் விட்டலும் சிவராமும் அணியிலிருந்து விலகி எதிர்த்த பிறகே அவருக்குத் துணைத்தலைமை கிடைத்தது. 1923இல் விட்டல் இந்துக்கள் அணியின் தலைவரானார்.

இதே பாலு 1937 தேர்தலில் அம்பேத்கரை எதிர்த்து நின்று தோற்றார். அதையும் மறைக்க வேண்டியதில்லை. நமக்குத் தேவை புனிதர் அல்ல, பாடம்.

திறமை அணிக்குள் கொண்டுபோனது. தலைமையை வாங்கித் தந்தது எதிர்ப்பு. நம் பிள்ளைகளுக்கு இரண்டையும் சொல்லிக் கொடுப்போம் தோழர்களே.